காற்றை வழிமறிக்கிறவள்

ஜோதிலட்சுமி மிக்சர் பொட்டலத்தை வாங்கியதும் பிரித்துவிட மாட்டாள். முதலில் காதோரம் வைத்து ஓர் அமுக்கு. அடுத்து பஸ் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்த்து ஒரு பார்வை. பிறகு அதன் முதுகில் மூக்கை வைத்து ஓர் இழுப்பு. எல்லாம் முடிந்த பிறகுதான் கிழிப்பாள். கிழித்ததும் மிக்சரைப் பக்கத்து ஸீட்டுக்குத் தானம் செய்துவிட்டு, காலி உறையை உள்வெளியாகப் புரட்டி, கைக்குட்டையால் துடைத்து, நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொள்வாள். தேனியிலிருந்து கம்பம் போகிற பஸ்ஸில் சனிக்கிழமைதோறும் இந்தச் சடங்கு நடக்கிறது. அவள் பக்கத்தில் இடம் பிடிக்க வீரபாண்டி நிறுத்தத்தில் சண்டையே வரும் என்பார்கள். வந்தால் அது மிக்சருக்காக வருகிற சண்டை.

கண்டக்டர் சுருளியாண்டி அவளுக்கென்றே பஸ்ஸைக் கூட்டும்போது கிடைக்கிற உறைகளை எடுத்துவைத்திருப்பார். "இந்தாங்க டீச்சர், இது கேரளாச் சரக்கு. உள்ளுக்குள்ள வெள்ளிப் பூச்சு. நேந்திரங்காச் சிப்ஸ் கவரு" என்று நீட்டுவார். ஒருநாள் அவருக்கே பொறுக்கவில்லை.

"ஓட்டையே இல்லாத கவருக்குள்ள காத்து எப்பிடி டீச்சர் போகும்?"

"சீனி டீயில கரையிற மாதிரிதேன். இந்தப் பக்கம் கரைஞ்சு, உள்ளுக்குள்ள தத்தித் தத்தி நடந்து, அந்தப் பக்கம் போய் எந்திரிச்சிரும்."

"டிக்கெட் எடுக்காமயா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. ஜோதிலட்சுமி மட்டும் சிரிக்காமல் யோசித்தாள். டிக்கெட் என்று ஒன்றை வைத்துப் பார்த்தால் பாடம் நடத்த வசதியாக இருக்குமே என்பது அவள் யோசனை. திங்கட்கிழமை கல்லூரியில் அப்படியே நடத்தியும் விட்டாள்.

அவள் தேனிக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறாள். குடியிருப்பது பழனிசெட்டிபட்டியில். பிறந்தது காமயகவுண்டன்பட்டியில். கல்யாணத்தைப் பற்றி யாராவது கேட்டால், "காத்து கவரத் தாண்டுற வரைக்கும் உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கிற ஆளு கெடைச்சா சொல்லுங்க" என்பாள். இதுவரை யாரும் சொல்லவில்லை. இரண்டாயிரத்தாவது ஆண்டு பிறந்த கையோடு மதுரையில் ஒரு பேராசிரியரின் கீழ் பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிந்தாள். பிளாஸ்டிக் தாளுக்குள் வாயு எவ்வளவு கரைகிறது, கரைந்தது எவ்வளவு வேகமாக நடக்கிறது, அந்த நடையை எப்படி மறிப்பது என்பதுதான் ஆராய்ச்சி.

வாயுக்களை அவள் சொந்தக்காரர்களைப் போலப் பேசுவாள். "ஆக்சிஜன் இருக்கானே, அவன் வெறசா நடப்பான், ஆனா கூச்சக்காரன். வீட்டுக்குள்ள வரவே யோசிப்பான். கரியமில வாயு மெதுவா நடக்கும். ஆனா எந்த வீட்டுக்குள்ள போனாலும் பாயை விரிச்சு உக்காந்திரும். அதுனால கடைசியில கூட்டிக் கழிச்சுப் பாத்தா அதுதேன் நெறையாத் தாண்டும்." மாணவிகள் பரீட்சைத் தாளில் பாயைப் பற்றி எழுதிவைத்த வருஷமும் உண்டு.

மறிக்கிற வேலைக்கு அவள் கண்ட ஆயுதம் களிமண். சாதாரணக் களிமண்ணில்லை. மருந்துபோட்டு ஏடு ஏடாகப் பிரித்த மண். ஒரு தலைமுடியின் பருமனுக்குள் பல்லாயிரம் ஏடுகளை அடுக்கிவிடலாம், அவ்வளவு மெல்லிசு. அதைப் பிளாஸ்டிக்கோடு உருக்கித் தாளாக இழுத்தால், ஏடுகள் உள்ளே படுத்துக்கொண்டு காற்றின் காலை மறிக்கும். நேரே போக வேண்டிய காற்று, வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் ராட்டினத்தைத் தேடிப் போகிற ஆளைப்போல, ஒருவரைச் சுற்றி, இன்னொருவரைச் சுற்றி, இடித்து, முழங்கை பட்டு, போய்ச்சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நாலைந்து மடங்கு தாமதம் கிடைத்தாலே ஜோதிலட்சுமி அன்றைக்குப் பாயசம் வைத்துவிடுவாள்.

தாள் இழுப்பது பழனிசெட்டிபட்டியில் ஒச்சாண்டியின் கவர் கம்பெனியில். உருகின பிளாஸ்டிக் வட்டமான வாயிலிருந்து குழாயாகக் கிளம்பி, உள்ளே காற்று ஊதப்பட்டு, தென்னை மரம் மாதிரி கூரைவரை ஏறி, அங்கே உருளைகளுக்கிடையில் தட்டையாகி இறங்கும். ஜோதிலட்சுமி மண் டப்பாவோடு வாசலில் தெரிந்தாலே ஒச்சாண்டி தலையில் கைவைத்துவிடுவார்.

"மிஷினுக்கு மண்ணுத் திங்கப் பழக்குறீக டீச்சர். நாளைக்கு அது கல்லு கேக்கும், நான் எங்கன போவேன்?"

"ஒரு தாளுதேன் அண்ணே."

"போன மாசமும் ஒரு தாளுதேன்னீக. அதுக்கப்புறம் ஓட்டின கேரி பேக்கெல்லாம் முறுக்குப் பொடி தூவுன மாதிரி வந்துச்சு. சின்னமனூர்க்காரன் என்னையக் கேட்ட கேள்வி இருக்கே, அதை ஒங்ககிட்டச் சொன்னா கல்லூரிய விட்டே போயிருவீக."

சொல்லிக்கொண்டே மிஷினைச் சுத்தம் பண்ணச் சொல்லுவார். அவருக்கும் அந்தத் தாளைப் பார்க்க ஆசைதான்.

இழுத்த தாளை அவள் கல்லூரிக்குக் கொண்டுபோய், லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கின இரண்டு எஃகுக் கிண்ணங்களுக்கு நடுவே இறுக்குவாள். வாயோடு வாய் வைத்த கிண்ணங்கள். ஒரு பக்கம் வாயு, மறுபக்கம் வெற்றிடம். வெற்றிடத்துப் பக்கம் முள் எப்போது நகருகிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படி உட்கார்ந்திருந்தவளின் தோளில் ஒருநாள் பல்லி ஏறிக் கொஞ்ச நேரம் இளைப்பாறிவிட்டுப் போனது என்று கல்லூரியில் சத்தியம் செய்கிறார்கள். பல்லியைக் கேட்டவர் யாரும் இல்லை. முள் அன்றைக்கு நகரவில்லை என்பது மட்டும் உண்மை. அதுதான் அவளுடைய நல்ல நாள்.

முதல் வெற்றி போடியில் வந்தது. மலையிலிருந்து இறங்குகிற ஏலக்காயை வைத்திருக்கும் வியாபாரி ஒருவர், மண் கலந்த தாளைச் சாக்குக்குள் உள்ளுறையாகப் போட்டுப் பார்த்தார். மாதங்கள் கழித்துப் பிரித்தால் நிறமும் வாசனையும் அப்படியே இருந்தன. கிட்டங்கிக்குள் போன காவலாளி, வாசனையே வராததால் சரக்குத் திருடுபோய்விட்டதென்று கூச்சல் போட்டு ஊரைக் கூட்டிவிட்டான் என்று போடியில் இன்னும் சொல்வார்கள். காவலாளி கதையில் பாதியைத் தள்ளிவிட்டாலும், மீதிப் பாதி ஜோதிலட்சுமியின் தலைக்குள் ஏறிக்கொண்டது. நல்ல தாள் என்றால் எதையும் விடாத தாள். இதுதான் அவள் கண்ட முடிவு.

அந்த முடிவோடு ஒரு சனிக்கிழமை காமயகவுண்டன்பட்டியில் இறங்கினாள்.

அங்கே அவள் அண்ணன் மனைவி பஞ்சம்மாள் திராட்சைத் தோட்டத்தை ஒற்றை ஆளாகப் பார்த்துவந்தாள். அண்ணன் ராணுவத்தில் எங்கோ வடக்கே. பன்னீர் திராட்சை இருக்கிறதே, அது பார்க்க ராஜாத்தி, உடம்பு நோஞ்சான். வெட்டிய இரண்டாம் நாள் காம்பு வாடும், மூன்றாம் நாள் கையில் எடுத்தால் உதிரும். அதனால் வெட்டின அன்றைக்கே எந்த லாரி வருகிறதோ அந்த லாரிக்காரன் வாயில் வருகிற விலைதான். "நாளைக்கு வாரேன்" என்று புரோக்கர் திரும்பி நடந்தால் பின்னாலேயே ஓட வேண்டும். பஞ்சம்மாளுக்கு ஓடி ஓடி அலுத்துவிட்டது.

"இந்தக் காய்ப்போட பந்தலப் பிரிச்சிர்றேன் ஜோதி" என்றாள். "உத்தமபாளையத்துல இருந்து பலவேசம்னு ஒரு ஆளு வந்தாக. பந்தக்கால் கல்லு, கம்பி எல்லாத்தையும் மொத்தமா எடுத்துக்கிறேன்னு சொன்னாக. ஒங்க அண்ணனும் சரின்ட்டாக. தென்னங்கன்னு வச்சிட்டா நான் எவன் பின்னாடியும் ஓட வேண்டாம்ல?"

"எனக்காக ஒரே ஒரு வெட்டு பொறு மதினி. பழம் கெடாம இருந்துச்சுன்னா புரோக்கர் ஒன் பின்னாடி ஓடி வருவான்."

பஞ்சம்மாள் நாத்தனாரை ஏற இறங்கப் பார்த்தாள். படித்தவள், போடிக்காரனே மெச்சுகிறான். இன்னொரு பக்கம், மிக்சர் கவரை மோந்து பார்க்கிறவள். கடைசியில் போடி ஜெயித்தது. அந்தக் காய்ப்பின் முதல் வெட்டை, பந்தலிலேயே நல்ல குலைகளாகப் பார்த்து, முழுசாக ஜோதிலட்சுமியின் கையில் கொடுத்தாள். பன்னீர் திராட்சைக்காரர்கள் முதல் வெட்டை மாமியாருக்குக்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

ஜோதிலட்சுமி களிமண்ணை அள்ளிப்போட்டு இழுத்த தாளில் உறைகள் செய்துகொண்டு வந்தாள். பெட்டிக்கு ஒரு உறை. பஞ்சம்மாள் தடவிப் பார்த்தாள், ஊதிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள். பிறகு பெட்டிக்கு இரண்டு உறையாக, ஒன்றுக்குள் ஒன்றாகப் போட ஆரம்பித்தாள்.

"ஒண்ணே போதும் மதினி."

"ஒண்ணு தாங்குமுன்னா ரெண்டு இன்னும் நல்லாத் தாங்கும்ல? ஒஞ் சரக்கு மேல எனக்கு நம்பிக்கை வந்துருச்சு, விடுத்தா."

அந்த வார்த்தையைக் கேட்ட ஜோதிலட்சுமிக்கு இரட்டை உறை மாலை போட்ட மாதிரி இருந்தது. வாய்களை முறுக்கி, டேப் ஒட்டி, சின்ன ஊசித்துளைகூட இல்லாமல் தடவிப் பார்த்து லாரியில் ஏற்றினார்கள்.

பெட்டிகள் குமுளி வழியாக எர்ணாகுளம் போயின. அங்கே பழக்கடை வைத்திருந்தவர் கர்ணன், கம்பத்துக்காரர்தான். பிழைப்புக்கு மலையேறி, பேச்சில் பாதியை மலையாளத்துக்குக் கொடுத்துவிட்டவர். ஐந்து நாள் பிரிக்கக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். ஐந்தாம் நாள் அவர் பிரித்தார். போன் செய்யவில்லை. ஒரு பெட்டியை மட்டும் திரும்புகிற லாரியில் அனுப்பிவைத்தார். லாரி டிரைவர் அதைக் களத்தில் இறக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அக்கா, கர்ணன் அண்ணே சொல்லச் சொன்னாக. பழத்துக்குத் தனியா, கள்ளுக்குத் தனியாப் பெட்டி போடுவீகளாம். ரெண்டையும் ஒண்ணாப் போட்டா அவர் எங்கன வச்சு விப்பாருன்னு கேட்டாக."

பஞ்சம்மாள் பிரித்தாள். அப்போதுதான் வெட்டின மாதிரி இருந்தது குலை. காம்பு பச்சை, தோலில் புதுப்பழத்துச் சாம்பல் பூத்திருந்தது, ஒரு பழம் உதிரவில்லை. ஒன்றை வாயில் போட்டவள், அப்படியே தலையைச் சாய்த்துத் துப்பினாள். தென்னங்கள்ளும் காடியும் கலந்த நெடி களம் முழுக்கப் பரவியது. சிந்தின சாற்றை நக்கிய கோம்பை நாய் ஒன்று, எதிரே வந்த அந்நியனைப் பார்த்துக் குரைக்க மறந்து, வாலாட்டி வீட்டுக்குள் கூட்டிப்போய்த் திண்டு காட்டியதாகவும் சொல்கிறார்கள். நாயைப் பற்றி யாரும் உறுதி சொல்ல முடியாது. நெடி நிஜம்.

ஜோதிலட்சுமி பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். முதல் வெட்டு மொத்தமும் போயிற்று. அடுத்த காய்ப்புக்குக் கொடியை வெட்டிக் கவாத்து பண்ணுவதா, பந்தலைப் பிரிப்பதா என்பதும் அந்தப் பெட்டிக்குள்தான் கிடந்தது. கூடி நின்ற சனத்தைப் பார்த்துப் பஞ்சம்மாள்தான் முதலில் பேசினாள்.

"ஏன் எல்லாரும் அவளைப் பாக்குறீக? அவ ஒண்ணு போடுன்னுதேன் சொன்னா. ரெட்டக் கவரு நான் போட்டது. எங் கைத் தப்பு. போங்க, போய்ச் சோலியப் பாருங்க!"

நல்ல வழி திறந்துவிட்டிருந்தாள் மதினி. அதில் நுழைந்து வெளியே போயிருந்தால் ஜோதிலட்சுமியின் தாளுக்கு ஒரு கெட்ட பெயரும் இல்லை. மதுரைப் பேராசிரியரும் அதையேதான் சொன்னார்: தாள் அருமையான தாள், உபயோகித்த முறை பிசகு, திராட்சை நம் தலைப்பிலேயே இல்லை. அவள் இரண்டு நாள் அந்தப் பேச்சையே சுற்றிச் சுற்றி வந்தாள். மூன்றாம் நாள் காமயகவுண்டன்பட்டிக்குப் பஸ் ஏறி, பந்தலில் மிச்சமிருந்த திராட்சையில் கொஞ்சத்தை வெட்டி ஒற்றை உறையில் போட்டு மதினி வீட்டுப் பரணில் வைத்தாள். ஐந்து நாள் கழித்துப் பிரித்தபோது அதுவும் கள். கொஞ்சம் இளங்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

"ரெட்டையுமில்ல, ஒத்தையுமில்ல மதினி. என் தாளேதேன் கெடுத்துருக்கு."

"அடியே, நாந்தேன் பழிய எடுத்துக்கிட்டேன்ல? திருப்பி எதுக்குத் தூக்கிட்டு வர்ற?"

"ஒனக்கு அது பொருந்தல."

பஞ்சம்மாள் சிரித்துவிட்டாள். முதல் வெட்டு போன பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். ஆனால், "பலவேசத்தை அடுத்த மாசம் வரச் சொல்லிட்டேன்" என்பதையும் கூடவே சொல்லிவைத்தாள்.

அந்த மாதம் ஜோதிலட்சுமி கல்லூரியில் விடுப்புப் போட்டுவிட்டுப் பந்தலுக்கடியில் கிடந்தாள். எஃகுக் கிண்ணம் வரவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வந்தன. பஞ்சம்மாளின் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, தெளியவைத்து, மேல்நீரை இறுத்துக்கொண்டாள். ஒரு பாட்டிலுக்குள் சின்னக் கிண்ணத்தில் அந்தத் தெளிநீர், பக்கத்தில் ஒரு குலை. இன்னொன்றில் தெளிநீர் மட்டும். இரண்டையும் மூடி வைத்தாள். மத்தியானச் சோறு உண்டுவிட்டு வந்து பார்த்தால், குலை இருந்த பாட்டிலில் தெளிநீர் பால்போல் வெளுத்து ஆடை கட்டியிருந்தது. மற்றது கண்ணாடியாகக் கிடந்தது.

"என்னடி மாயம் இது? மோரு ஊத்துனியா?"

"நம்ம வெளிய விடுற மூச்ச இதுக்குள்ள ஊதுனாலும் இப்பிடித்தேன் வெளுக்கும். ஊதிப் பாரு."

பஞ்சம்மாள் பப்பாளித் தண்டு ஒன்றை ஒடித்துத் தெளிநீருக்குள் விட்டு ஊதினாள். வெளுத்தது. இன்னொரு தடவை ஊதினாள். குலையைப் பார்த்தாள்.

"யாத்தே, இது மூச்சு விடுது! வெட்டின பெறகுமா?"

"வெட்டின பெறகும்தேன். அதுக்குள்ளயும் ஆக்சிஜன் வேணும், கரியமிலம் வெளிய போகணும். ரெண்டையும் நான் மறிச்சுட்டேன். மூச்சு முட்டுன பழம் வேற வழியில்லாம உள்ளுக்குள்ளயே புளிச்சுப்போச்சு."

"அப்ப ஏலக்காய்?"

"அது சூட்டறையில காஞ்சு வந்தது. வாசனையத் தவிர அதுகிட்ட ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டு வெளுத்த பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஆறு வருஷமாகத் தாளுக்கு ஒரு பக்கம் வாயுவை வைத்தாள், மறுபக்கம் வெற்றிடத்தை வைத்தாள். வெற்றிடத்துக்கு மூச்சு முட்டாது. அது புகார் சொல்லாது. அந்தப் பக்கம் உயிருள்ள ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கிண்ணத்தில் முள் நகராத நாளெல்லாம் பாயசம் வைத்ததை நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. சாயங்காலம் மதினி கொடுத்த காப்பியைச் சீனி போடாமல் குடித்தாள்.

அடுத்து பாட்டில் வாயைக் கட்ட ஒவ்வொரு தாளாக வந்தது. மண் நிறையக் கலந்தது, குறையக் கலந்தது, அதிலும் குறைந்தது. மண் குறையக் குறையப் பழம் நிம்மதியாக இருந்தது. மண்ணே வேண்டாம் என்று ஆகிவிடுமோ என்று ஜோதிலட்சுமி பயந்தாள், அதை நோக்கியே பாட்டில்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஒரு வெள்ளிக்கிழமை ஒச்சாண்டி கம்பெனி வாசலில் மண் டப்பா இல்லாமல் வெறுங்கையோடு நின்றாள்.

"மண்ணு வேண்டாம் அண்ணே. ஒங்ககிட்ட இருக்கிறதுலயே மெல்லிசான வெறும் தாளு வேணும்."

ஒச்சாண்டிக்குத் தன் காதில் நம்பிக்கை இல்லை. "அது கொத்தமல்லி கட்டிக் குடுக்கிற தாளு டீச்சர். வெளிய சொன்னா எனக்கே வெக்கம். கேரி பேக்குக்குக்கூட ஆகாது. ஆறு வருசமா மண்ணத் தின்ன வச்சிட்டு இப்ப இதைக் கேக்குறீக?"

"அதுதேன் மூச்சு விட விடுது."

"அப்ப ஒங்க படிப்பு?"

ஒச்சாண்டி தாளைத் தானே உருட்டி, தானே கட்டி, ரிக்‌ஷாவரை தூக்கிக்கொண்டு வந்தார். அதற்கு முன் அவர் யாருக்கும் கட்டுத் தூக்கினதில்லை.

கொத்தமல்லித் தாளில் சில பெட்டிகள் கர்ணனுக்குப் போயின. இந்தத் தடவை பனி உலர்ந்த பிறகு வெட்டி, ஈரம் இழுக்கப் பழைய செய்தித்தாளை அடியில் விரித்து, பெட்டிக்கு ஒரே உறை. பஞ்சம்மாள் இரண்டாவதை எடுக்கவே இல்லை. "ஆறு நாளு அண்ணே" என்று ஜோதிலட்சுமி போனில் சொன்னபோது, மறுமுனையில் கர்ணன், "கள்ளு இறக்க லைசென்ஸ் எடுத்துக்கட்டுமா தங்கச்சி?" என்று கேட்டுவிட்டு வைத்தார்.

ஆறாம் நாள் சனிக்கிழமை. மிச்சக் காய்ப்பை வெட்டிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்தில் நாலைந்து பெண்கள் கத்தரியோடு பந்தலுக்கடியில் குனிந்து நின்றார்கள். வெட்டின குலைகள் வரப்போரம் திறந்த கூடைகளில் குவிந்துகொண்டிருந்தன. பலவேசம் சொன்ன சொல் தவறாமல் வந்து, பந்தக்கால் கல் ஒவ்வொன்றையும் கையால் தட்டிப் பார்த்துக்கொண்டு நடந்தார். ஜோதிலட்சுமி தோளில் துணிப்பையில் செருகின ஒரு நீளக் குழல். அதற்குள்தான் அவளுடைய ஆறு வருஷத்திலும் சிறந்த தாள் சுருண்டிருந்தது. மண் நிறைந்த தாள். அதைத் தாண்டக் காற்று முழி பிதுங்கும். திங்கட்கிழமை மதுரையில் கடைசி அளவு எடுக்க வேண்டும். வெறுங்கையால் தொட்டால் கைப்பிசுக்கு ஏறிவிடும் என்று அவளே கையுறை போட்டுத்தான் எடுப்பாள். பஸ்ஸில் சுருளியாண்டி அதைப் பிடித்துக்கொள்கிறேன் என்றபோதும் கொடுக்கவில்லை.

பத்து மணி வாக்கில் பஞ்சம்மாளின் செல்போன் பாடியது. அவள் அதைக் காதுக்கு வைக்காமல் நாத்தனார் கையில் திணித்தாள். ஜோதிலட்சுமி அதைத் திரும்ப அவள் கையிலேயே திணித்தாள். நடுவில் போன் இரண்டு தடவை பாடி ஓய்ந்தது. மூன்றாவது தடவை பஞ்சம்மாள் எல்லாருக்கும் கேட்கிறாப்போல் ஸ்பீக்கரை அமுக்கினாள்.

"பஞ்சக்கா, பெட்டிய இப்பத்தேன் பிரிச்சேன். பழம் கொள்ளாம், நல்லாயிருக்கு. அடியில கொஞ்சம் உதிர்வு இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். காம்பு பச்சை. மணம் நம்ம ஊரு மணம். அங்கன மிச்சம் எவ்வளவு இருக்கு? வேற எவனுக்கும் ஏத்தாதீக, இதே கவருல எனக்கு அனுப்புங்க. அவசரமில்ல, நாளைக்கு ஏத்துனாலும் சரி, மக்காநாள் ஏத்துனாலும் சரி."

பஞ்சம்மாள் போனை இடுப்பில் செருகினாள். பந்தலின் மறுகோடிக்கு நடந்தாள். பலவேசம் ஒரு கல்லைக் கட்டிப்பிடித்த மாதிரி நின்று பருமன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கல்ல விடுங்க."

"என்னத்தா?"

"கல்லு விக்கிறதுக்கில்ல. இந்த வெட்டு முடியவும் கவாத்துக்கு ஆளு சொல்லப்போறேன். ஒரு காப்பி குடிச்சிட்டுப் போங்க."

"ஒங்க வீட்டுக்காரர் சரின்னு சொன்னாரே ஆத்தா?"

"அவுக எல்லையப் பாக்கட்டும். இங்கன நான் பாத்துக்கிருவேன்."

அந்த வார்த்தை முடிவதற்கும் மேற்கே மலையிலிருந்து சாரல் இறங்குவதற்கும் சரியாக இருந்தது. குமுளிப் பக்கமிருந்து வருகிற சாரல் சொல்லிக்கொண்டு வராது. முதல் தூற்றல் திராட்சை இலையில் பொட்டென்று விழுந்தபோதே பெண்கள் கூச்சல் போட்டார்கள். நனைந்த குலை மறுநாளே பூஞ்சணம் பிடிக்கும். கூடைகள் எல்லாம் திறந்து கிடந்தன. சாக்கு வீட்டில். தார்ப்பாய் லாரியில், லாரி கம்பத்தில். மெல்லிசுத் தாளெல்லாம் பைகளாக வெட்டி ஒட்டிக் கிடந்தது, ஒரு கூடையை மூடவும் காணாது. பஞ்சம்மாள் தலைத்துண்டை உருவி ஒரு கூடையின்மேல் போட்டாள். அடுத்த கூடைக்கு என்ன போடுவதென்று தெரியாமல் திரும்பினாள்.

ஜோதிலட்சுமி குழலின் மூடியைத் திருகித் திறந்துகொண்டிருந்தாள். தாளை உருவினாள். கையுறை பைக்குள்ளேயே கிடந்தது. விளிம்பைப் பல்லில் கடித்து, ஒரு வெட்டு வெட்டி, சர்ரென்று நீளவாக்கில் கிழித்தாள்.

"ஏத்தா! அது மதுரைக்குக் கொண்டுபோறதுல்ல?" என்றாள் பஞ்சம்மாள்.

ஜோதிலட்சுமி கிழித்ததை இரண்டு கூடைகளின்மேல் விரித்தாள். மறுபடி கடித்தாள், மறுபடி கிழித்தாள். பெண்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். காற்றில் படபடத்த ஓரங்களின்மேல் பலவேசம்கூட மண்கட்டிகளைத் தூக்கிவைத்தார். எல்லாக் கூடைகளும் மூடின பிறகு அவள் கையில் ஒரு முழத் துண்டு மிஞ்சியது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. மழைக்குத் தலையில் போடச் சாக்கைக் கொங்காணியாக மடிப்பதுபோல் மூலைக்குள் மூலையைச் செருகி மடித்து, தலைத்துண்டு இல்லாமல் நனைந்துகொண்டிருந்த மதினியின் தலையில் கவிழ்த்தாள். கவிழ்த்துவிட்டு, காது மறையாமல் இரண்டு பக்கமும் இழுத்துச் சரிசெய்தாள்.